பிரிக்பீல்ட்ஸ் கவுன்சலிங் சென்டர்ல பெத்தவங்களுக்கான செஷன்: யூனில படிக்கிற பிள்ளை இருக்கிறவங்க படிச்சிட்டுப் போங்க

சென்டரோட பேர இங்க போடல, அதுக்குக் காரணம் இருக்கு. என் மகன் இன்னும் அங்க ஆன்லைன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கான், செமஸ்டர் லீவுல நேர்லயும் போவான், நம்ம ஆளுங்க வட்டம் சின்னது, பேர போட்டா நாளைக்கே யாராவது அந்த மாடிப்படில அவன பாத்துட்டு அவன் அத்தைக்கு போன் போட்டுடுவாங்க. இத எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டுத்தான் எழுதுறேன், எழுதினத அவனே படிச்சிட்டு ரெண்டு இடத்த எடுத்துடுங்க மான்னு சொன்னான், எடுத்துட்டேன். மிச்சம் இருக்கிறது எல்லாம் பெத்தவங்க பக்கம் நடந்தது, நானும் வீட்டுக்காரரும் அங்க போய் காசு கட்டி வாங்கின சேவைக்கு என் ரிவியூ.

இது என்னன்னா, பிள்ளைக்கு கவுன்சலிங் தனி, அதே சென்டர்ல இன்னொரு கவுன்சலர் பெத்தவங்களோட தனியா உக்காந்து, யூனில படிக்கிற பிள்ளைக்கு வீட்டுலேர்ந்து எப்படி ஆதரவா இருக்கிறதுன்னு சொல்லிக் குடுக்கிறாங்க. மகன் பினாங்குல படிக்கிறான், எஞ்சினியரிங், ரெண்டாவது வருஷம். நாங்க கோலாலம்பூர்ல, செந்தூல்ல இருக்கோம். அவனுக்கு நேர்ல போய் எதுவும் செய்ய முடியாத தூரத்துல இருந்துக்கிட்டு தினமும் போன மட்டும் பாத்துக்கிட்டு இருக்கிற அம்மாக்களுக்குத் தெரியும் அந்த வயித்தெரிச்சல் எப்படி இருக்கும்னு, அவங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இடத்தப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். துன் சம்பந்தன் ரோட்டுலேர்ந்து உள்ள போற சந்துல ஒரு கடைவீட்டு மேல் மாடி, லிப்ட் கிடையாது, படி செங்குத்தா இருக்கு, முட்டி வலி இருக்கிறவங்க முன்னாடியே சொன்னா கீழ் மாடில ஒரு ரூம் ஏற்பாடு பண்ணித் தர்றாங்க. கார எடுத்துக்கிட்டுப் போகாதீங்க, பார்க்கிங் கிடைக்கிறதுக்குள்ள செஷன்ல பாதி நேரம் போயிடும், கேஎல் சென்ட்ரல்ல இறங்கி நடந்துடுங்க. ஒரு செஷன் ஒரு மணி நேரம், பெத்தவங்களுக்கு 120 வெள்ளி, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போனாலும் அதே காசுதான். மகனோடது தனி பில், மாணவர்னா குறைச்சு வாங்குறாங்க. எங்கள மாதிரி குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்ல, அதனாலதான் எது தேறுச்சு எது தேறலன்னு விவரமா எழுதுறேன்.

எதுக்குப் போனோம்னா, அவன் ரூம்ல கூட இருக்கிற பையன்தான் எங்களுக்குத் தெரியப்படுத்தினான். பகல் பூரா தூங்குறான் ஆண்ட்டி, லேப்புக்கு வர்றதில்ல, சாப்பாடு வாங்கிக் குடுத்தாலும் அப்படியே கெடக்குதுன்னு. அந்தப் பையன் நல்லா இருக்கணும். யூனிலயே கவுன்சலிங் இருக்கு, மாணவர்களுக்கு இலவசம், அங்க போய்க் கேட்டதுக்கு பரீட்சை நேரம், மூணு வாரம் கழிச்சுத்தான் தேதி இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல காத்திருக்க மனசு வரல.

முதல் செஷன்ல எங்களுக்குன்னு இருக்கிற கவுன்சலர் மேடம் நிறைய கேள்வி கேட்டாங்க, எத்தன நாளா இப்படி இருக்கான், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்னாடி ஆசையா செஞ்சது எதையாவது விட்டுட்டானா, பேசும்போது தன்னைப் பத்தி எப்படிப் பேசுறான். ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் மனசு சோர்ந்தே இருந்தா, எதுலயும் ஆசை இல்லாம இருந்தா, அத சோம்பேறித்தனம்னோ பிடிவாதம்னோ எடுத்துக்கக் கூடாது, கவுன்சலர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ காட்டணும்னு சொன்னாங்க. அவன் ஃபுட்சால் விளையாடறத நிறுத்தினது எனக்குத் தெரியும், பரீட்சை வருதுன்னு நிறுத்திட்டான்னு நெனச்சிருந்தேன், அத அவங்க ஒரு தாள்ல எழுதி வட்டம் போட்டாங்க.

அடுத்து வந்ததுதான் இந்த சென்டருக்கு நான் முழு மார்க் குடுக்கிற விஷயம், ஆனா நிறைய பேருக்குப் பிடிக்காத விஷயமும் அதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். மகனோட கவுன்சலர் அவன் என்ன பேசுறான்னு எங்ககிட்ட சொல்லவே மாட்டாங்க. எங்களோட பேசுற மேடமுக்கும் அது தெரியாது, அவன் கையெழுத்துப் போட்டு அனுமதி குடுத்தாத்தான் ரெண்டு பேரும் கலந்து பேசிக்குவாங்க. வீட்டுக்காரருக்கு வந்துச்சே கோவம். "காசு கட்டுறது நானு, பெத்தவன் நானு, அவன் என்ன சொல்றான்னு ஒரு வார்த்த கூடத் தெரியக்கூடாதா"ன்னு மேசைய தட்டிட்டாரு. மேடம் குரல உசத்தவே இல்ல. "அண்ணே, உங்க மகனுக்கு 21 வயசு, சட்டப்படி பெரிய ஆளு. இன்னிக்கு நாங்க உங்ககிட்ட ஒன்னு சொல்லிட்டோம்னா அடுத்த வாரம் அவர் எங்ககிட்ட ஒன்னும் சொல்ல மாட்டாரு, அப்புறம் உங்களுக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல"ன்னாங்க. உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, அடுத்தவங்களுக்கு ஆபத்துன்னாலோ, கோர்ட்டு கேட்டாலோ அப்ப மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளரும், உயிர் விஷயம்னா உங்களுக்கு ராத்திரி பன்னெண்டு மணின்னாலும் போன் வரும், அது வரைக்கும் போன் வரலன்னா அந்த அளவுக்கு இல்லன்னு எடுத்துக்கிட்டு நிம்மதியா இருங்கன்னு சொன்னாங்க.

அந்தக் கடைசி வார்த்ததான் அவர கொஞ்சம் அடக்குச்சு. வீட்டுக்கு வர்ற வழில ட்ரெயின்ல ஒன்னும் பேசல. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம பிள்ளைங்க ஏன் நம்மகிட்ட சொல்றதில்ல? சொன்னா அது மாமா வீட்டுக்குப் போகும், பெரியம்மா வீட்டுக்குப் போகும், அடுத்த கல்யாண வீட்டுல யாராவது முதுகத் தட்டி "என்னப்பா, மனசு சரியில்லையாமே"ன்னு கேப்பாங்க. அந்த பயம் இல்லாத ஒரு ரூம் அவனுக்குக் கெடச்சிருக்கு, அந்த ரூமோட கதவ நாமளே ஒட்டுக் கேக்கக் கூடாது. கொஞ்ச நாள் கழிச்சு அவனாவே அப்பாவுக்கு போன் பண்ணி, ஒரு பாடம் ஃபெயில் ஆயிட்டேன்பா, அத மறைச்சு வச்சிருந்தேன்னு சொன்னான். யாரும் அவன்கிட்டேர்ந்து அத பிடுங்கல. கவுன்சலர் சொல்லிக் குடுத்து எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த போன் வந்திருக்காது, இத நான் உறுதியா நம்புறேன்.

ரெண்டாவது, போன் பேசுற பயிற்சி. கேக்க சின்ன விஷயமாத் தெரியும், எனக்கு அதுலதான் போட்ட காசு திரும்பி வந்துச்சு. மேடம் தன்னோட போன மேசைல வச்சு, "நான்தான் உங்க மகன்னு வச்சுக்குங்க அக்கா, எப்பவும் பேசுற மாதிரி பேசுங்க"ன்னாங்க. நானும் ஆரம்பிச்சேன், என்னய்யா பசியாறிட்டியா, கிளாஸ் போனியா, அசைன்மென்ட் அனுப்பிட்டியா, காசு இருக்கா, நேத்து எத்தன மணிக்குத் தூங்கின. அவங்க என் மகன மாதிரியே ம், ஆங், ஆமாம்மா, இருக்கு, ஓகேன்னு ஒவ்வொன்னுக்கும் ஒரே சொல்லுல பதில் சொல்லி முடிச்சிட்டாங்க. கேட்ட கேள்வி எல்லாம் பாசமான கேள்விதான், எதுவும் தப்பில்ல அக்கா, ஆனா எல்லாத்துக்கும் சரியான பதில் ஒன்னு இருக்கு, சாப்பிடலன்னு சொன்னா நீங்க கவலப்படுவீங்க, கிளாஸ் போகலன்னு சொன்னா அப்பா கோவிச்சுக்குவாரு, அதனால நல்லா இல்லாத பிள்ள சரியான பதில சொல்லிட்டு போன வச்சிடும்னாங்க.

அப்புறம் வேற மாதிரி பேசிப் பாக்கச் சொன்னாங்க. முதல்ல நம்ம கதை ஏதாவது ஒன்னு, வீட்டுல நடந்தது, அவன எதுவும் கேக்காம. அதுக்கு அப்புறம் சும்மா இருக்கணும். அந்த சும்மா இருக்கிறதுதான் எனக்கு வரவே இல்ல, பக்கத்து வீட்டுப் பூனை எங்க கார் மேல குட்டி போட்ட கதைய சொல்லி முடிச்சிட்டு மூச்சு விடுறதுக்குள்ள வாய் தானா "சாப்ட்டியா"ன்னு திறக்குது, மேடம் ஒரு விரல மட்டும் தூக்கிக் காட்டுறாங்க. ஏர்கோன் சத்தம் மட்டும்தான் கேக்குது, கீழ யாரோ மோட்டர முறுக்குறாங்க, எனக்குக் கை காலெல்லாம் பரபரங்குது, அந்த விரல் இன்னும் இறங்கல. அவ்வளவு நேரம் என் பிள்ளையோட போன்ல நான் அமைதியா இருந்ததே கிடையாது.

அன்னிக்கு ராத்திரியே போட்டுப் பாத்தேன். பூனைக் கதையதான் சொன்னேன், குட்டி எத்தன, எந்தக் கலர், அப்பா காரெடுக்க முடியாம மோட்டர்ல வேலைக்குப் போனது எல்லாம். சிரிச்சான். அப்புறம் ரெண்டு பேரும் பேசல, லைன் கட் ஆயிடுச்சான்னு போனப் பாத்தேன், ஆகல. அப்பத்தான் "மா, லேப்புக்குப் போகவே பயமா இருக்குமா"ன்னான். பயம்னு அவன் சொல்லி நான் கேட்டதே இல்ல, அவ்வளவு பெரிய பையன். அதுக்கு என்ன சொல்லணும்னும் மேடம் சொல்லிக் குடுத்திருந்தாங்க, ஏன் எதுக்குன்னு கேக்காம "ரொம்ப கஷ்டமாத்தான் இருந்திருக்கும்லய்யா"ன்னு மட்டும் சொன்னேன், மீதிய அவனே சொன்னான். அதுல ரெண்டு இடத்தத்தான் அவன் எடுக்கச் சொன்னது.

இந்த "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல" பேச்சப் பத்தியும் ஒரு செஷன்ல பேசினோம். வீட்டுக்காரரோட அப்பா எஸ்டேட்ல ரப்பர் பால் மரம் வெட்டினவரு, விடியக் காலைல எழுந்து விளக்கோட காட்டுக்குள்ள போவாரு, அந்தக் குடும்பத்துல யூனி வரைக்கும் வந்த முதல் பிள்ள எங்க மகன்தான். வீட்டுக்காரர் அத சொல்றது அவன் நல்லா வரணும்னுதான், மேடமும் அந்தக் கதைய சொல்லாதீங்கன்னு சொல்லல, அது உங்க குடும்பத்தோட பெருமை, சொல்லணும், ஆனா அவன் துவண்டு கெடக்குற நாள்ல சொல்லாதீங்க, அன்னிக்கு அது அவன் காதுல "உனக்கு என்ன குறை"ன்னுதான் விழும்னாங்க. நல்லா இருக்கிற நாள்ல, சாப்பிட்டுக்கிட்டே, தாத்தா எப்படி பயந்தாரு, எப்ப அழுதாரு, யாரு அவருக்கு உதவி பண்ணாங்கன்னும் சேத்துச் சொல்லுங்கன்னு ஒரு யோசனை குடுத்தாங்க. இத எந்தப் புத்தகத்துலயும் நான் பாக்கல, நம்ம வீட்டுக்குன்னு யோசிச்சுச் சொன்னது, தமிழ் பேசுற கவுன்சலர்கிட்ட போனதோட பலன் அது.

மார்க்கு விஷயம் சீக்கிரம் சொல்லிடுறேன். பிடிபிடிஎன், அதாவது அரசாங்கப் படிப்புக் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைங்களுக்கு முதல் வகுப்புல தேறினா, தகுதி இருந்தா கடன் கட்ட வேணாம்னு ஒரு சலுகை இருக்கு. நல்ல சலுகைதான், ஆனா அது எங்க வீட்டுல சாப்பாட்டு மேசைல எப்பவும் இருந்துச்சு, அவன் காதுல ஒவ்வொரு பாயிண்டும் வெள்ளிக் கணக்காவே கேட்டிருக்கு. ரிசல்ட் வர்ற நாள்ல முதல் கேள்வியா சிஜிபிஏ, அதான் மொத்த மார்க்கோட சராசரி, கேக்காதீங்க, அவனா சொல்ற வரைக்கும் விடுங்கன்னு மேடம் சொன்னாங்க, சொந்தக்காரங்க கேட்டா "அவன் நல்லா இருக்கான்"ன்னு நாங்களே பதில் சொல்லி முடிச்சிடணும், போன அவன் கைல குடுக்கக் கூடாது. இது ரெண்டையும் இப்ப வரைக்கும் கடைப்பிடிக்கிறோம்.

அப்பாவ பினாங்குக்குப் போய் பாத்துட்டு வரச் சொன்னதும் அவங்கதான். கேஎல் சென்ட்ரல்ல இடிஎஸ் ட்ரெயின் ஏறினா நாலு மணி நேரம் போல பட்டர்வர்த், அங்கேர்ந்து ஃபெரி. போகும்போது ஒரே ஒரு கட்டள, ரூம சோதன போடக் கூடாது, லேப்டாப்ப பாக்கக் கூடாது, படிப்பப் பேசக் கூடாது, சேந்து சாப்பிட்டுட்டு வாங்க. ரெண்டு பேரும் பாடாங் கோத்தால பசம்போர் சாப்பிட்டுட்டு கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம், ஈபிஎல் பந்து விளையாட்டு மட்டும்தான் பேசினாங்களாம். வீட்டுக்காரர் வந்து "ஒன்னுமே பேசலயே, போனதுக்கு என்ன பிரயோஜனம்"னாரு. மகன் எனக்கு மெசேஜ் போட்டிருந்தான், அப்பா வந்தது நல்லா இருந்துச்சுன்னு. இத நான் அவர்கிட்ட காட்டினேன், போன கைல வாங்கி ரொம்ப நேரம் வச்சிருந்தாரு.

இப்ப கஷ்டமான விஷயம். சாகணும்னு நெனைக்கிறியான்னு பிள்ளைகிட்ட கேக்கலாமான்னு நான் பயந்து பயந்து கேட்டேன். கேட்டா அந்த நெனப்ப நாமளே குடுத்த மாதிரி ஆயிடுமோன்னுதான் நம்ம எல்லாருக்கும் பயம். அப்படி ஆகாது, நேராக் கேக்கிறதால அந்த நெனப்பு வராது, ஏற்கனவே இருந்தா அத சொல்ல ஒரு வாசல் கெடைக்கும், உலகச் சுகாதார நிறுவனமும் இததான் சொல்லுதுன்னாங்க. எப்படிக் கேக்கிறதுன்னும் சொல்லிக் குடுத்தாங்க, சுத்தி வளைக்காம, அழாம, "அம்மா கேக்குறேன், வாழவே வேணாம்னு தோணுதாய்யா, இருந்தா சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்"னு. ஆமான்னு பதில் வந்தா என்ன செய்யணும்னும் அங்கயே எழுதி வாங்கிக்கிட்டேன்: தனியா விடக் கூடாது, ரூம்ல இருக்கிற நண்பன கூட இருக்கச் சொல்லணும், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போகணும், 999க்கு அடிக்கலாம். முன்னாடி நம்ம நாட்டுல தற்கொலை முயற்சி பண்ணினா குற்றம், குற்றவியல் சட்டம் 309, கேஸ் போடுவாங்கன்னு பயந்து வெளிய சொல்லாத குடும்பங்கள நானே பாத்திருக்கேன். அந்தப் பிரிவ 2023ல எடுத்துட்டாங்க. இது இன்னும் நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாது, தயவு செஞ்சு தெரிஞ்சவங்ககிட்ட சொல்லுங்க, போலீஸ் பயத்துல ஒரு பிள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வச்சுக்காதீங்க.

நம்ம பிள்ளைக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சு வெக்கப்படுறவங்களுக்கு ஒன்னு. சுகாதார அமைச்சோட தேசிய சுகாதார ஆய்வுல மனச்சோர்வு இருக்கிறவங்க 2019ல 2.3 விழுக்காடு, 2023ல 4.6 விழுக்காடு, அப்படியே ரெண்டு மடங்கு. பத்து லட்சம் பேரு கிட்ட. அதுல எத்தன பேரு நம்ம தாமான்ல இருக்காங்களோ, யாரும் வாயத் திறக்கிறதில்ல.

இந்த சென்டர நம்பலாம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம், தங்களால முடியாதத முடியாதுன்னு சொன்னாங்க. கவுன்சலர் மருந்து எழுதிக் குடுக்க முடியாது, அது டாக்டர் வேல. மகனோட கவுன்சலர் அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டு, இவர மனநல டாக்டர் பாக்கணும்னு ஒரு லெட்டர் குடுத்தாங்க, அவங்களே வேற எங்கயும் தள்ளிவிட்டு கமிஷன் பாக்கல, அரசாங்க கிளினிக்குக்கே போங்கன்னாங்க. கிளினிக் கெசிஹாத்தான்ல ஒரு வெள்ளி, அங்கேர்ந்து ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பினா அஞ்சு வெள்ளி, மருந்தும் அதுலயே. காத்திருக்கணும், ஆனா காசு இல்லன்னு யாரும் வைத்தியம் பாக்காம இருக்க வேண்டியதில்ல. மருந்து வேல செய்ய சில வாரம் எடுக்கும், ஒரு வாரத்துல மாற்றம் இல்லன்னு நிறுத்தச் சொல்லாதீங்க, நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தவும் சொல்லாதீங்க, எதுவா இருந்தாலும் டாக்டர கேட்டுட்டுன்னு எங்களுக்கு அழுத்திச் சொன்னாங்க. என் மாமியார் மருந்து சாப்பிட்டா புத்தி மழுங்கிடும், அதுக்குப் பதிலா பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கச் சொல்லுன்னாங்க. மேடம் அதுக்கு முகம் சுளிக்கல, கோயிலுக்குப் போறது நல்லது, மருந்தையும் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க, பாட்டியோட பேசுறது அவனுக்குப் பிடிக்கும்னா பாட்டியவே கூட்டிட்டுப் போங்கன்னாங்க. தைப்பூசத்துக்கு மாமியார் அவனோட அங்க போயிட்டு வந்தாங்க, இப்ப மருந்து சாப்ட்டியான்னு ஞாபகப்படுத்துறதே அவங்கதான்.

எங்க போனாலும் ஒன்ன மட்டும் பாத்துக்குங்க. நம்ம நாட்டுல கவுன்சலர்னு போர்டு மாட்ட 1998ஆம் வருஷத்து கவுன்சலர் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், பேருக்குப் பின்னால கேபி, பிஏன்னு போட்டிருப்பாங்க, பதிவு நம்பர் இருக்கும், லெம்பாகா கவுன்சலர்ல, அதாவது கவுன்சலர் வாரியத்துல, சரி பாக்கலாம். இந்த சென்டர்ல சர்டிபிகேட் சுவத்துலயே மாட்டியிருக்கு, நான் நம்பர எழுதிட்டு வந்து வீட்டுல பாத்தேன், சரியா இருந்துச்சு. இப்பல்லாம் சும்மா ரெண்டு நாள் கோர்ஸ் பண்ணிட்டு லைஃப் கோச்னு சொல்லிக்கிட்டு பெத்தவங்க பயத்துல காசு பண்ற ஆளுங்க இருக்காங்க, அதுவும் நம்ம வாட்ஸப் குரூப்லயே வருது, எனக்கு அதப் பாத்தா ஆத்திரமா வருது.

குறைன்னு பாத்தா இருக்கு. கவுன்டர்ல இருக்கிற பொண்ணு முழுப் பேரையும் சத்தமாக் கூப்பிட்டுச்சு, அந்த மாதிரி இடத்துல அது கூடவே கூடாது, நான் சொன்னதுக்கு அப்புறம் நம்பர் குடுத்துக் கூப்பிடுறாங்க. தமிழ்ல பேசுறவங்க பெத்தவங்க பக்கத்துக்கு ஒரே ஒருத்தர்தான், அவங்க லீவுன்னா செஷன் தள்ளிப் போகும். வீட்டுக்குக் குடுத்து அனுப்புற தாள் எல்லாம் ஆங்கிலத்துலயும் மலாய்லயும்தான், என் மாமியார் மாதிரி ஆளுங்களுக்கு நான் உக்காந்து தமிழ்ல எழுதிக் குடுத்தேன். ஆன்லைன்ல மகனோட செஷன் நடக்கும்போது ஹாஸ்டல்ல தனி இடம் கெடைக்கிறது அவனுக்குப் பெரும் பாடு, கூட இருக்கிற பையன் வெளிய போற நேரமா பாத்து புக் பண்ணுவான், இதுக்கு சென்டர்ல ஒன்னும் செய்ய முடியல. செஷனுக்கு முந்தின நாள் ரத்து பண்ணினா பாதிக் காசு பிடிச்சுக்குவாங்க, மகனுக்கு உடம்பு முடியாம போன அன்னிக்கும் பிடிச்சாங்க, அது எனக்குப் பிடிக்கல, மனநலம் பாக்கிற இடத்துல அந்த அளவுக்கு இரக்கம் வேணும்.

பிள்ள என்ன பண்றான்னு துப்புத் தெரிஞ்சுக்கப் போறவங்களுக்கு இந்த இடம் சரி வராது. ரெண்டு செஷன்ல பிள்ளைய பழைய மாதிரி ஆக்கிக் குடுங்கன்னு கேக்கிறவங்களுக்கும் சரி வராது. எங்களுக்குமே நாலஞ்சு மாசம் ஓடிச்சு. நடுவுல ஒரு செமஸ்டர தள்ளிப் போட்டான், அதுக்கு யூனில முறைப்படி விண்ணப்பிக்க வழி இருக்கு, டாக்டர் கடிதம் வச்சு எழுதணும், பிடிபிடிஎன் வாங்குற பிள்ளைங்க அங்கயும் தெரியப்படுத்திடணும். ஒரு செமஸ்டர் போனா வாழ்க்கையே போச்சுன்னு வீட்டுக்காரர் ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப மகன் திரும்பவும் போறான், லேப்புக்கும் போறான், எல்லா நாளும் நல்லா இருக்கிறதில்ல, மோசமான நாள்ல "மா இன்னிக்கு மோசம்"னு ஒரு மெசேஜ் வருது, எனக்கு அது போதும், நான் பூனைக் குட்டி படம் ஒன்னு அனுப்பிட்டு சும்மா இருப்பேன்.

காசு கட்ட முடியாதவங்க முதல்ல யூனி கவுன்சலிங்குக்கே போங்க, தேதி தள்ளிக் குடுத்தா அவசரம்னு வாயத் திறந்து சொல்லணும். சுகாதார அமைச்சு 2022ல ஆரம்பிச்ச மனநல உதவி போன், ஹீல் லைன் 15555, அதுல பெத்தவங்களும் கூப்பிட்டுப் பேசலாம். பெஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-7627 2929, மனசு கஷ்டத்துல இருக்கிறவங்க பேச்சக் கேக்கிற தொண்டு அமைப்பு, 1970லேர்ந்து இருக்கிறவங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, இலவசம். அங்க புத்திமதி சொல்ல மாட்டாங்க, கேப்பாங்க. மகன் போன எடுக்காத ஒரு ராத்திரி நானே அடிச்சிருக்கேன், என்னைப் பேச விட்டு அழ விட்டு, பொறுமையாக் கேட்டாங்க, அந்தக் குரலுக்கு நான் கடன்பட்டிருக்கேன். பினாங்குலயும் பெஃப்ரெண்டர்ஸ் தனியா இருக்கு, அந்த நம்பர மகன் போன்ல அவனே சேவ் பண்ணி வச்சிருக்கான்.

சென்டர் பேரு வேணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, யாரு எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். சனிக்கிழமை காலை ஸ்லாட் சீக்கிரம் முடிஞ்சிடும், புதன்கிழமை சாயங்காலம் பெரும்பாலும் காலியா இருக்கும். புக் பண்ணும்போது பெத்தவங்க செஷன், தமிழ்லன்னு ரெண்டையும் சேத்துச் சொல்லிடுங்க, இல்லன்னா இங்கிலீஷ் பேசுறவங்ககிட்ட போட்டுடுவாங்க. முடிஞ்சா முதல் தடவையே ரெண்டு பேரும் சேந்து போங்க, அப்பாவ வீட்டுல விட்டுட்டுப் போயிட்டு அப்புறம் நீங்க வந்து சொன்னா அவர் காதுல ஏறாது.